லெஃபெவ்ர்ங்கிற பிரெஞ்சு குடும்பப் பேர்: நடுவுல அந்த பி எதுக்கு, எங்கிருந்து வந்துச்சு, ஏன் வடக்கு பூரா இவங்களா இருக்காங்க?

லீல்_குமரன்:
மக்களே ரொம்ப நாளா மண்டைக்குள்ள குடையுற விஷயம். நான் லீல் பக்கத்துல ஒரு பார்சல் கிடங்குல வேலை பாக்குறேன், லேபிள்ல பேர் பாத்து பாத்து கண்ணே பூத்துப்போச்சு, எங்க திரும்பினாலும் லெஃபெவ்ர். கூப்பிடறப்ப எல்லாரும் ஒரே மாதிரி தான் கேக்குது ஆனா எழுதுறது ஆளுக்கு ஒரு தினுசு. ஒருத்தர் எல் ஈ எஃப் ஈ பி வி ஆர் ஈன்னு நடுவுல பி போடறார், அடுத்தவர் பி இல்லாம ஈ மேல ஒரு கோடு இழுக்கறார், இன்னொருத்தர் வி-யே இல்லாம பி யூ போட்டு லெஃபெபூர்ங்கறார், கேட்டா "நாங்க வேற குடும்பம்"னு மூஞ்சிய தூக்கிக்கறாங்க. இதெல்லாம் ஒரே பேரா வேற வேறயா? அந்த பி-ய யாருமே சொல்றதில்லையே, அப்புறம் எதுக்கு அது அங்க உக்காந்திருக்கு?

வழிப்போக்கன்:
கம்பளி பூச்சிக்கு எத்தனை காலுன்னு எண்ற மாதிரி ஒரு கேள்வி 😂 ஆனா எனக்கும் தெரிஞ்சுக்கணும், உக்காந்துட்டேன்.

மரபுக்கிறுக்கன்:
குமரா நல்ல பேரா புடிச்சிருக்க. மூணும் ஒரே பேர் தான். லத்தீன்ல ஃபாபர்னா கைவேலைக்காரன், முக்கியமா இரும்படிக்கிறவன். அது பழைய பிரெஞ்சுல தேஞ்சு ஃபெவ்ர் ஆச்சு, முன்னாடி லெ சேந்து லெஃபெவ்ர். அதாவது நம்ம கொல்லர். இன்னைக்கு பிரெஞ்சுல கொல்லனுக்கு ஃபோர்ஜெரோன்னு தான் சொல்வாங்க, ஃபெவ்ர்ங்கற சொல் தனியா செத்தே போச்சு, தட்டானுக்கு சொல்ற ஓர்ஃபெவ்ர்ல மட்டும் ஒட்டிக்கிட்டு உயிரோட இருக்கு. அதனால இந்தப் பேர் வச்சிருக்கிற பாதிப் பேருக்கு தன் பேருக்கு என்ன அர்த்தம்னே தெரியாது. ஃபோர்ஜெரோன்ங்கறது குடும்பப் பேரா ரொம்ப அபூர்வம், ஏன்னா அந்தச் சொல் புழக்கத்துக்கு வர்றதுக்குள்ள பேரெல்லாம் கெட்டிப்பட்டு முடிஞ்சிருச்சு.

இப்ப பி கதை. அதைச் சேத்தவங்க யாருன்னா எழுத்தர்கள், நோட்டரிகள். மத்திய காலக் கடைசியில இவங்களுக்கு லத்தீன் மோகம், பேச்சுல எப்பவோ உதுந்துபோன எழுத்தை எல்லாம் தேடிப் பொறுக்கி திருப்பி ஒட்டினாங்க. இருபதுக்கு வேங்ன்னு சொல்ற சொல்லுல ஒரு ஜி, விரலுக்கு துவான்னு சொல்ற சொல்லுல ஒரு ஜி, உடம்புக்கு கோர்னு சொல்றதுல ஒரு பீ, எதுவும் வாயில வராது, எழுத்துல மட்டும் நிக்கும். ஃபாபர்ல பி இருந்ததால ஃபெவ்ர்லயும் பி. இன்னொரு காரணமும் உண்டு, அது எனக்கு இன்னும் நம்பகமா படுது: அந்தக் காலத்துல யூ-வும் வி-யும் ஒரே எழுத்து தான், கையெழுத்துல ஃபெயூரேன்னு இருந்தா அது ஃபெவ்ரா ஃபெயூரான்னு தெரியாது, முன்னாடி ஒரு பி சொருகிட்டா அடுத்து வர்றது மெய்யெழுத்துன்னு படிக்கிறவனுக்கு புரிஞ்சிரும். ஒரு சைகை மாதிரி வச்சது அது.

அதுலயே தான் வினையும் வந்துச்சு. பிற்பாடு வந்தவன் அந்த யூ-வை யூன்னே படிச்சு பி-யையும் வாய்விட்டு சொன்னான், பொறந்தது லெஃபெபூர். உன் மூணாவது பார்சல்காரர் அந்தக் கோஷ்டி. 19ஆம் நூற்றாண்டுல பாரிஸ்ல லெஃபெபூர்-வெலின்னு பெரிய ஆர்கன் கலைஞர் ஒருத்தர் இருந்தார், அந்தப் பேருக்குள்ள இந்தத் தப்பு நிரந்தரமா உக்காந்திருக்கு.

லாச்சப்பல்_அக்கா:
தம்பி எனக்கு ஒரு டவுட். எங்கட பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில ஒரு லெஃபெவ்ர் மனுசி இருக்கிறா, பி போட்டு எழுதுறவ, தாங்கள் பழைய பிரபு வம்சம் எண்டும் பி இல்லாத ஆக்கள் சும்மா ஆக்கள் எண்டும் கதைப்பா. அது உண்மையோ? எழுத்தில ஒரு எழுத்து கூடினா ஆள் பெரிய ஆளோ?

மரபுக்கிறுக்கன்:
அக்கா அந்தம்மாகிட்ட நம்பாதீங்க 😄 பி போட்டது குடும்பம் இல்ல, பதிவேட்டை கையில வச்சிருந்த பாதிரியார். பழைய பாரிஷ் பதிவேட்டைப் பெரட்டினீங்கன்னா ஒரே ஆளு ஞானஸ்நானத்துல பி-யோட இருப்பான், கல்யாணத்துல பி இல்லாம இருப்பான், அடக்கத்துல பி யூ போட்டு லெஃபெபூர் ஆயிருப்பான், அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கையெழுத்துக்கு பதிலா ஒரு சிலுவைக்குறி, சில பேர் தொழில் அடையாளமா சுத்தியலோ லாடமோ வரைஞ்சு வைப்பான். அவன் கிட்ட போய் "பி உண்டா இல்லையா"ன்னு யாரு கேட்டிருப்பா?

எழுத்து உறைஞ்சது ரொம்பப் பின்னாடி. 1539ல முதலாம் ஃபிரான்சுவா ராஜா வில்லேர்-கொத்ரே ஆணைல ஞானஸ்நானப் பதிவேடு வைக்கச் சொன்னார், 1579ல ப்ளுவா ஆணை கல்யாணம் சாவையும் சேத்துச்சு, 1792 செப்டம்பர்ல புரட்சிக்காரங்க பதிவேட்டை சர்ச்சுகிட்ட இருந்து நகராட்சிக்கு மாத்தினாங்க, 1794 ஆகஸ்ட்ல பிறப்புப் பதிவுல இருக்கற பேரைத் தவிர வேற பேர் யாரும் வச்சுக்கக் கூடாதுன்னு சட்டம் வந்துச்சு. அதுக்கப்புறமும் ஒரு தலைமுறை ரெண்டு தலைமுறை எழுத்து ஆடிக்கிட்டு தான் இருந்தது. 1877ல குடும்பத்துக்கு ஒரு சின்னப் புத்தகம் குடுக்க ஆரம்பிச்சாங்க, அதைக் கொண்டுபோய் காட்டி "இப்படியே எழுது"ன்னு சொல்ல வசதியாச்சு, அப்ப எது இருந்துச்சோ அது ஒட்டிக்கிச்சு. அண்ணன் ஒரு எழுத்து தம்பி ஒரு எழுத்துன்னு பிரிஞ்ச குடும்பங்க நிறைய.

பிரபு வம்சம்னு பாத்தா பி வச்ச ரொம்பப் பிரபலமான ஆளு நெப்போலியனோட மார்ஷல் ஃபிரான்சுவா ஜோசப் லெஃபெவ்ர், அல்சாஸ்ல ரூஃபாக் ஊர்ல 1755ல பொறந்தவர், சாதாரணக் குடும்பம், சிப்பாயா சேந்து மேல வந்தவர். சம்சாரம் கத்தரின் துணி வெளுக்கற வேலை பாத்த பொண்ணு. டான்சிக் கோட்டையைப் புடிச்சதுக்கு நெப்போலியன் அவரை டான்சிக் பிரபு ஆக்கினார், அரண்மனைல அந்தம்மா மனசுல பட்டதை அப்படியே பேசுவாங்கன்னு ஊரே கதை சொல்லும். பட்டம் சண்டை போட்டு வாங்கினது, பி-க்கு அதுல பங்கே இல்ல.

லாச்சப்பல்_அக்கா:
ஹாஹா சரி இனி அவ கதைச்சா டான்சிக் கதையச் சொல்லி விடுறன் 😂

துலூஸ்_செந்தில்:
நான் துலூஸ்ல பத்துப் பன்னெண்டு வருஷமா இருக்கேன், இங்க லெஃபெவ்ர்னு ஒருத்தரை பாத்தா அவரு வடக்க இருந்து மாத்தலாகி வந்தவரா தான் இருப்பாரு. இங்க எல்லாம் ஃபாப்ர். டாக்டர் ஃபாப்ர், பிளம்பர் ஃபாப்ர், மேயர் ஆபீஸ்ல ஃபாப்ர். இதுவும் அதே சொல் தானே?

மரபுக்கிறுக்கன்:
அதே தான் செந்தில், இந்தப் பேரோட அழகே இங்க தான் இருக்கு. லத்தீன் ஃபாபர் எந்த ஊர் வாயில விழுந்துச்சோ அந்த ஊர் வாய்க்கு ஏத்த மாதிரி உருண்டுச்சு. தெற்குல ஆக்சிதான் பேசின லாங்தோக் பக்கம், எரோ, அவேரோன், தார்ன்ல எல்லாம் பி நல்லா ஒலிச்சு ஃபாப்ர். பூச்சி ஆராய்ச்சிக்காரர் ழான்-ஆன்ரி ஃபாப்ர் 1823ல அவேரோன்ல சேன்-லெயோன்ஸ்ல பொறந்தவர், சரியான இடம். இன்னும் கொஞ்சம் வடக்க போனா, தோஃபினே, ஓவர்ன்யு, லிமூசேன் பக்கம், பி கரைஞ்சு ஃபோர். ஜனாதிபதி ஃபெலிக்ஸ் ஃபோர் ஞாபகம் இருக்கா, பாரிஸ் மெட்ரோல ஸ்டேஷன் பேரே இருக்கு. சவோய் மலைல ஏறினா ஃபாவ்ர், அங்கிருந்து ஸ்விட்சர்லாந்துக்குள்ளயும் அது தான். ஃபிரான்ஷ்-கோம்தேல ஃபெவ்ர், ஏ ஐ போட்டு எழுதுவாங்க. நாந்து, ரென், லெ மான்ஸ் வட்டாரத்துல லெஃபோவ்ர்னு ஈ யூ போட்ட ஒண்ணு.

கவனிச்சீங்கன்னா முன்னாடி லெ ஒட்டிக்கிட்டது வடக்குலயும் மேற்குலயும் தான். லெரோய், லெக்ளேர், லெமேர் எல்லாம் அந்த வகையறா. தெற்குக்காரனுக்கு அந்த லெ தேவைப்படல. கிழக்க லொரேன், ஃபிரான்ஷ்-கோம்தே பக்கமும் லெ இல்லாம வெறும் ஃபெவ்ர்னு பி போட்டு எழுதுவாங்க, வரலாற்று ஆசிரியர் லூசியென் ஃபெவ்ர் அந்தப் பக்கத்து ஆள், அதே காலத்துல பிரெஞ்சுப் புரட்சியைப் பத்தி எழுதின ஜார்ஜ் லெஃபெவ்ர் லீல்ல பொறந்தவர். ஒரே துறை, ஒரே தலைமுறை, ரெண்டு பேரும் கொல்லன், எந்தத் திசைன்னு அந்த லெ சொல்லிரும்.

அப்புறம் லத்தீனே பேசாத மூலைங்க இருக்கு. பிரெத்தானில கொல்லனுக்கு கோவ், அதனால பேர் லெ கோஃப். அல்சாஸ்லயும் மொசேல்லயும் ஷ்மிட். டன்கிர்க் பக்கத்து ஃப்ளெமிஷ்காரங்க கிட்ட தெஸ்மெட். பாஸ்க் நாட்டுல அரோத்ஸ்னா கொல்லன், கொல்லன் பட்டறை இருக்கற இடத்துக்காரன்னு அரோஸ்தெகி. வோஜ் மலைப்பக்கம் பிரெஞ்சு வகைப் பேச்சு தான், ஆனா அங்க லாடம் அடிக்கிறவன்னு மார்ஷல். நீ ஒரு பிரான்ஸ் மேப்பை விரிச்சு இந்தப் பேரை எல்லாம் எழுதினா பழைய மொழிகளோட எல்லை அப்படியே தெரியும், தனியா மொழி மேப்பே வேண்டாம்.

வழிப்போக்கன்:
ஐயா ஒரே தொழிலுக்கு இவ்ளோ பேரா? ஊர்ல விவசாயி தானே அதிகம், ஏன் உழவன்னு பேர் வச்சவன் இவ்ளோ பேர் இல்ல?

மரபுக்கிறுக்கன்:
அதிகம் இருந்ததால தான் இல்ல! பட்டப்பேர் எதுக்கு வைக்கிறோம், பத்து பியேர் இருக்கற ஊர்ல எந்தப் பியேர்னு தெரியறதுக்கு. எல்லாரும் உழவன்னா "உழவன் பியேர்"னு சொல்லி என்ன புண்ணியம்? கொல்லன் ஊருக்கு ஒருத்தன், ஆனா கொல்லன் இல்லாத ஊரே கிடையாது, கலப்பைக் கொழு, கோடாலி, குதிரை லாடம் எல்லாத்துக்கும் அவன் பட்டறைக்கு தான் போகணும். ஊருக்கு ஒருத்தன், எல்லா ஊர்லயும் ஒருத்தன், இந்த ரெண்டும் சேந்தா தான் ஒரு குடும்பப் பேர் பெருகும். 11லிருந்து 13ஆம் நூற்றாண்டு வரைக்கும் இந்தப் பட்டப்பேருங்க மெல்ல மகனுக்கு இறங்க ஆரம்பிச்சது. அதனால ரெண்டு லெஃபெவ்ர் சந்திச்சா சொந்தக்காரங்களா இருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி, ஆயிரக்கணக்கான பட்டறைல தனித்தனியா பொறந்த பேர் இது.

பாண்டி_ரவி:
அப்ப இது நம்மூர் ஆசாரி மாதிரி சாதிப்பேர் கணக்கா வருமா?

மரபுக்கிறுக்கன்:
இல்ல ரவி, அங்க தான் வேறுபாடு. பேர் இறங்கிச்சு, தொழில் இறங்கணும்னு கட்டாயம் இல்ல. 14ஆம் நூற்றாண்டுலயே லெஃபெவ்ர்ங்கற பேர்ல ரொட்டி சுடறவன் இருப்பான், யாரை வேணா கட்டிக்கலாம், பொண்ணு கட்டிப்போனா புருஷன் வழிப் பேர் பிள்ளைகளுக்கு. கொல்லர் கூட்டம்னு ஒண்ணு அந்தப் பேருக்குப் பின்னாடி இல்லவே இல்ல.

கணக்கன்77:
எண்ணிக்கை பக்கம் யாருமே வரலியே, நான் வர்றேன். பிரான்ஸ்ல புள்ளிவிவர ஆபீஸ் இன்சே இருக்குல்ல, அவங்க 1891ல இருந்து 1990 வரைக்கும் பொறந்தவங்களை 25 வருஷம் 25 வருஷமா நாலு கட்டமா பிரிச்சு எந்தப் பேர்ல எந்த மாவட்டத்துல எத்தனை பிறப்புன்னு ஒரு கோப்பு வச்சிருக்காங்க. இணையத்துல பேர் போட்டா மேப் வர்ற தளமெல்லாம் பெரும்பாலும் அதை வச்சுத்தான் ஓடுது. அதுல முதல் இடம் மார்ட்டேன், ரெண்டு லட்சத்துக்கு மேல. பி போட்ட லெஃபெவ்ர் முதல் 20க்குள்ள வந்துரும், பி இல்லாதது தனியா இன்னும் கொஞ்சம் கீழ. நோர் மாவட்டம், பா-த-கலே, சோம், சேன்-மரித்திம்னு பி-காரங்க ஒரு பெரிய வடக்குத் திட்டா தெரிவாங்க. பி இல்லாதவங்க அதுக்குக் கீழ, நோர்மண்டி, பிக்கார்டி, பாரிஸ் சுத்துவட்டாரம்னு பரவிக் கிடப்பாங்க. குமரன் லீல்ல உக்காந்துகிட்டு எங்க பாத்தாலும் லெஃபெவ்ர்னு புலம்பறது நியாயம் தான், அந்தத் திட்டோட நடு மையத்துல இருக்கார் 😀

ஆனா அந்தக் கோப்பை கண்ணை மூடிட்டு நம்பக்கூடாது. முதல் விஷயம், பேரெல்லாம் பெரிய எழுத்துல கோடு புள்ளி எதுவும் இல்லாம இருக்கும், அதனால ஈ மேல கோடு போட்டவனும் போடாதவனும் ஒண்ணா கலந்துருவான். ரெண்டாவது, அந்தக் கோப்பு எடுத்த தேசிய ஆள் பதிவேடே 1940கள்ல தான் உருவாச்சு, 1891ல பொறந்து முதல் உலகப்போர்ல செத்த பையன் அதுல இருக்கவே மாட்டான், அப்ப முதல் கட்ட எண்ணிக்கை குறைச்சலா தான் வரும். சோம்லயும் பா-த-கலேலயும் போர்முனையே வீட்டு வாசல்ல இருந்துச்சு, யோசிச்சுப் பாருங்க. மூணாவது, பிரான்ஸ் மண்ணுல பொறந்தவங்க மட்டும் தான் கணக்கு. நாலாவது, ஆஸ்பத்திரி எந்த மாவட்டமோ அது தான் பொறந்த மாவட்டம், 1950க்கு அப்புறம் பெரிய ஊர் எல்லாம் அதனால வீங்கித் தெரியும். பழைய குடியிருப்பு தெரியணும்னா முதல் கட்ட மேப்பைப் பாருங்க, நாலாவது கட்டத்துல எல்லாப் பேரும் பாரிஸ் பக்கம் சரிஞ்சிருக்கும்.

இன்னொண்ணு. மார்ட்டேன் முதலிடம்னு எல்லாரும் சொல்றாங்க, நான் ஒத்துக்க மாட்டேன். மார்ட்டேன் கிட்டத்தட்ட நாடு பூரா ஒரே எழுத்துல எழுதப்படுது. கொல்லன் பேரை எழுத்து வாரியா சில்லறையா ஒடைச்சு வச்சு எண்றாங்க. லெஃபெவ்ர் ரெண்டு வகை, ஃபாப்ர், ஃபோர், ஃபாவ்ர், ஷ்மிட், லெ கோஃப், மார்ஷல் எல்லாத்தையும் ஒரே மூட்டைல கட்டிப் பாருங்க, மார்ட்டேன் ரெண்டாவது இடத்துக்குப் போயிடும்.

துலூஸ்_செந்தில்:
அது அநியாயம், மூட்டை கட்ட ஆரம்பிச்சா மார்ட்டேனுக்கும் மார்ட்டினே, மார்த்தினோன்னு சேக்கணும்ல?

கணக்கன்77:
சேத்துக்கோங்க, அதெல்லாம் சேத்தா என்ன ஆகும்னு நானும் பாக்கறேன். நான் சொல்ல வர்றது தரவரிசைங்கறது எழுத்தோட தரவரிசை, ஆளுங்களோடது இல்ல. போலந்துக்காரங்களையே எடுத்துக்கோங்க, 1919ல ரெண்டு அரசும் ஒப்பந்தம் போட்டு லான்ஸ், துவே நிலக்கரிச் சுரங்கத்துக்கு ஆளுங்களைக் கூட்டி வந்தாங்க, அதுல கோவால்ஸ்கி, கோவால்சிக் எத்தனை பேர்! கோவால்னா அவங்க மொழில கொல்லன். சுரங்கத்துக்குள்ள ஒரு லெஃபெவ்ரும் ஒரு கோவால்சிக்கும் பக்கத்துல பக்கத்துல வெட்டினா ரெண்டு பேரும் ஒரே பேர்காரங்க, எந்தப் பட்டியலும் அதைக் காட்டாது. இத்தாலி ஃபெராரியும் அரபு ஹத்தாதும் கூட அப்படித்தான்.

மொன்றியல்_பெடியன்:
கியூபெக்கில இருந்து வாறன். இஞ்சயும் லெஃபெவ்ர் நிறைய, 17ஆம் நூற்றாண்டில வந்த வேற வேற ஆக்களின்ர வழி, ஒரே ஆள் இல்ல. இஞ்ச பழைய பதிவுகளில ஒரு வழக்கம் இருக்கு, பேருக்குப் பின்னால "தி" எண்டு போட்டு இன்னொரு பேர் வரும், அதாவது இன்னார் என்று அழைக்கப்படுகிற எண்ட மாதிரி. பிறகு சில பிள்ளைகள் முதல் பேரை வச்சினம், சில பேர் ரெண்டாவத வச்சினம், அதால ஒரே கொப்பாட்டன்ர ஆக்கள் ரெண்டு குடும்பப் பேரில திரியினம்.

அமெரிக்காவுக்குப் போனவேன்ர கதை அதைவிட விசேஷம். நியூ யார்க் மாகாணத்தில நியூ பால்ட்ஸ் எண்டு ஒரு ஊர், 1670களில ஹியூகநாட் புரட்டஸ்தாந்து அகதிகள் அமைச்சது, அதின்ர நிறுவனர்களில சிமோன், ஆந்திரியெஸ் எண்டு ரெண்டு லெஃபெவ்ர் சகோதரங்கள். பென்சில்வேனியாவில லான்காஸ்டர் பக்கம் போனவை லெஃபீவர் ஆகிட்டினம். கியூபெக்கில இருந்து பஞ்சாலை வேலைக்கு நியூ இங்கிலாந்துக்கு இறங்கின ஆக்களில கொஞ்சப் பேர் பீன் எண்டு மாத்திப்போட்டினம்! லெ ஃபெவ்ர் எண்டதை லா ஃபெவ் எண்டு கேட்டினம், ஃபெவ் எண்டா அவரைக்கொட்டை, ஆங்கிலத்தில பீன். இரும்படிச்ச பரம்பரை கடைசியில அவரைக்கொட்டை.

வழிப்போக்கன்:
😂😂😂 இதுக்காகவே இந்த இழைய புக்மார்க் பண்றேன்

பாண்டி_ரவி:
எங்க பாண்டிச்சேரில பிரெஞ்சுப் பேர் வச்சிருக்கற தமிழ்க் குடும்பங்க இருக்கே, அதுல இந்த லெஃபெவ்ர் வகையறா இருக்குமோன்னு பாத்தேன். ஆனா அங்க கதையே தனி. 1881 செப்டம்பர்ல வந்த ஆணைப்படி தங்களோட சொந்த வழக்கச் சட்டத்தை விட்டுட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குக் கீழ வர்றேன்னு எழுதிக் குடுத்தவங்க, துறப்பாளர்னு சொல்வோம், அவங்க அப்பவே ஒரு குடும்பப் பேரைத் தேர்ந்தெடுத்தாகணும். வக்கீல் பொன்னுத்தம்பி பிள்ளை லாபோர்த்னு வச்சுக்கிட்டார், ஷூ போட்டுக்கிட்டு கோர்ட்டுக்குள்ள போனதுக்கு வழக்கு நடத்தினாரே அவரே தான். பட்டறையும் இல்ல பாட்டனும் இல்ல, ஒரே நாள்ல கையெழுத்துப் போட்டு எடுத்த பேர். அதனால எங்க ஊர்ல பிரெஞ்சுப் பேரைப் பாத்து பிரான்ஸ்ல எந்த மாவட்டம்னு தேடறது வீண் வேலை.

கணக்கன்77:
ரெயூனியன் தீவுல தலைகீழ். அங்க ஒப்பந்தக் கூலியா போன நம்மாளுங்களோட சொந்தப் பேரே குடும்பப் பேரா பதிவாயிருச்சு, ராமசாமி, முத்துசாமி, வீராப்பிள்ளை எல்லாம் பிரெஞ்சு எழுத்துக்கூட்டல்ல இன்சே கோப்புலயே இருக்கு.

லீல்_குமரன்:
எல்லாருக்கும் நன்றி, இவ்ளோ வரும்னு நினைக்கல. ஒரு நடைமுறைக் கேள்வி மட்டும். கிடங்கு கம்ப்யூட்டர்ல பேர் அடிச்சுத் தேடறப்ப எழுத்து ஒண்ணு மாறினாலும் ஆள் கிடைக்க மாட்டேங்கறான், வாடிக்கையாளர் கவுண்டர்ல நிக்கிறார், பார்சல் உள்ள தான் கிடக்கு, சிஸ்டம் இல்லைங்குது. அடுத்தது, கூட வேலை பாக்குற ஒரு லெஃபெவ்ர் தன் குடும்பத்தைத் தேடணும்ங்கறார், எங்க ஆரம்பிக்கறது?

மரபுக்கிறுக்கன்:
ரெண்டாவதுக்கு நான். பிறப்புப் பதிவு 75 வருஷம் தாண்டினா பொதுவுக்குத் திறந்திருக்கும், நோர் மாவட்ட ஆவணக்காப்பகத் தளத்துல பதிவேட்டுப் படங்களை இலவசமா பாக்கலாம். தெரிஞ்ச கடைசி தாத்தாவோட ஊர்ல பத்தாண்டு அட்டவணையை எடுக்கச் சொல்லு, பத்து வருஷத்துக்கு ஒரு தடவை அகரவரிசைல போட்ட பட்டியல் அது, அதுல இருந்து பதிவுக்குப் போகணும். ஒரே எழுத்துக்கூட்டல்ல மட்டும் தேடாதேன்னு கண்டிப்பா சொல்லு, பி உள்ளது, இல்லாதது, யூ போட்டது, லெ தனியா எழுதினது எல்லாத்தையும் பாக்கணும். லெ தனியா இருந்தா சில அட்டவணைல எஃப் கீழ போய் ஒளிஞ்சிருக்கும். பாரிஸ்ல இருந்து வந்த குடும்பம்னா கொஞ்சம் பாவம், 1871 மே மாசம் கம்யூன்ங்கற பாரிஸ் கிளர்ச்சி சண்டைல நகராட்சிக் கட்டடம் எரிஞ்சப்ப 1860க்கு முந்தின பதிவெல்லாம் போச்சு, பின்னாடி திருப்பி ஒட்டிச் சேத்தது ஒரு பகுதி தான்.

கணக்கன்77:
முதல் கேள்விக்கு: உங்க ஐடி ஆளுகிட்ட சவுண்டெக்ஸ் போட்டுத் தேட முடியுமான்னு கேளுங்க. ஒலியை வச்சு பேருக்கு ஒரு குறியீடு குடுக்கற பழைய அமெரிக்க முறை, 1918 காப்புரிமை. முதல் எழுத்தை அப்படியே வச்சுட்டு உயிரெழுத்தை தூக்கிருவான், பி எஃப் பீ வி நாலுக்கும் 1, ஆர்-க்கு 6. இப்ப போட்டுப் பாருங்க: பி உள்ள லெஃபெவ்ர் எல்116, ஏன்னா பி-யும் வி-யும் ஒட்டி வர்றதால ஒரே 1 தான். பி இல்லாதது எல்116. லெஃபெபூர் எல்116. நாந்து லெஃபோவ்ர் கூட எல்116. எழுநூறு வருஷமா எழுத்தருங்க பண்ண கூத்து மொத்தமும் ஒரே பெட்டிக்குள்ள விழுந்துரும். ஃபாப்ர், ஃபாவ்ர், ஃபெவ்ர் மூணும் எஃப்160.

துலூஸ்_செந்தில்:
ஃபோர்?

கணக்கன்77:
அது எஃப்600. நடுவுல மெய்யெழுத்தையே முழுங்கிட்டாங்கல்ல, அவங்களை மட்டும் தனியா தான் தேடணும்.

லீல்_குமரன்:
சூப்பர், திங்கக்கிழமை கேக்கறேன். இன்னும் தெஸ்மெட் ரெண்டு எழுத்துக்கூட்டல்ல வர்றாங்க, அதுக்கு ஒரு இழை அப்புறமா திறக்கறேன்.